"நினைத்துக்கொண்டார்" என்று எழுதலாமா? – ஓர் எண்ணூர்க் கட்டுரையும் என் தலைவலியும்

1. எர்ணாவூர் மேம்பாலம் – வெள்ளி, இரவு 10.40

பதினான்கு மாதங்களாக ஒரு கட்டுரையை இழுத்துக்கொண்டிருக்கிறேன். எண்ணூர்க் கழிமுகத்தில் இறால் பிடித்து விற்கும் ஒரு அக்காவைப் பற்றியது. (எங்கே விற்கிறார் என்ற வரியை நீக்கிவிட்டேன். காரணம் 9ஆம் பதிவில்.) 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கொசஸ்தலை ஆற்றை மூடியதே, அந்தக் காலையில் கட்டுரை தொடங்குகிறது. அன்றைக்கு நான் அங்கே இல்லை. முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு எங்கள் வீட்டுக் கேஸ் சிலிண்டரைக் கட்டில்மேல் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

அக்கா அந்தக் காலையை மூன்று முறை சொல்லியிருக்கிறார். முதல் முறை, நாற்றம்தான் எழுப்பியது என்றார். இரண்டாம் முறை, பக்கத்து வீட்டுப் பெண் கதவைத் தட்டினாள் என்றார். மூன்றாம் முறை நாற்றமும் இல்லை, பக்கத்து வீடும் இல்லை; வலையைத் தூக்கியபோது கையெல்லாம் கறுப்பாகிவிட்டது என்றார்.

நான் எழுதியிருப்பது இது:

"விடியலில் விளக்கைப் போட்டுக் கதவைத் திறந்தார். எண்ணெய் நாற்றம் முகத்தில் அறைந்தது. ஆறு இருந்த இடத்தில் கறுப்பாக ஏதோ கிடந்தது. இனி இது ஆறு இல்லை என்று நினைத்துக்கொண்டார்."

கடைசி வாக்கியத்தை அக்கா சொல்லவில்லை. ஆனால் கட்டுரையிலேயே நன்றாக வந்திருக்கும் வாக்கியம் அதுதான். இதழாசிரியருக்கும் அதுதான் பிடித்திருக்கிறது. நான் எழுதியது பொய்யா?

2. பழைய மெய்ப்பு – வெள்ளி, இரவு 11.15

பொய்தான். நீக்குங்கள்.

முப்பத்தொரு வருடம் மெய்ப்புப் பார்த்தவன் என்ற முறையில் இன்னும் கொஞ்சம் சொல்கிறேன். 1946 ஆகஸ்ட் 31 தேதியிட்ட நியூயார்க்கர் இதழ் முழுவதையும் ஒரே கட்டுரைக்குக் கொடுத்தார்கள். ஹிரோஷிமாவில் குண்டுக்குத் தப்பிய ஆறு பேரைப் பற்றி ஜான் ஹெர்ஸி எழுதியது. நாவல் மாதிரியே போகும். இன்னாருக்கு இப்படித் தோன்றியது, இன்னார் இப்படி எண்ணினார் என்று வரும். குண்டு விழுந்தபோது ஹெர்ஸியும் அங்கே இல்லை. ஆனால் தோன்றியது, எண்ணியது எல்லாம் அந்த ஆறு பேரிடம் கேட்டு வாங்கியவை. அதே ஹெர்ஸிதான் 1980இல், பத்திரிகையாளன் தகவலை விட்டுவிடலாம், இட்டுக்கட்டக் கூடாது என்று காட்டமாக எழுதினார். எதையாவது விட்டிருப்பான் என்று வாசகனுக்குத் தெரியும். சேர்த்தது அவனுக்குத் தெரிய வழியே இல்லை.

ஆகவே உங்களிடம் ஒரே ஒரு கேள்வி. "அப்போது என்ன தோன்றியது?" என்று அக்காவிடம் கேட்டீர்களா? கேட்டிருந்தால் பதிலை எழுதுங்கள். கேட்கவில்லை என்றால் பஸ் ஏறுங்கள்.

3. வால்டாக்ஸ் சாலை – சனி, அதிகாலை 12.20

ஐயா தூங்கவிடமாட்டார் போலிருக்கிறது.

ட்ரூமன் கபோட்டி கன்சாஸ் மாநிலத்து விவசாயக் குடும்பம் ஒன்றின் கொலையைப் பற்றி எழுதிய நூல் 1966இல் வந்தது. எல்லாம் அப்பட்டமான உண்மை என்று சத்தியம் செய்தார். பேட்டியின்போது குறிப்பே எடுக்கமாட்டேன், கேட்டது அப்படியே நினைவில் நிற்கும் என்றும் பெருமை பேசினார். கடைசியில் துப்பறிந்த அதிகாரியும் செத்துப்போன பெண்ணின் தோழியும் கல்லறையில் சந்திப்பார்களே, அப்படி ஒரு சந்திப்பு நடக்கவே இல்லை. அதற்காக யாராவது புத்தகத்தைத் தூக்கி எறிந்தார்களா? மனித ஞாபகமே பாதிக் கற்பனைதான். அக்காவே மூன்று விதமாகச் சொல்கிறார். நான்காவது விதத்தை எழுத்தாளர் சொன்னால் மட்டும் குற்றமா?

4. பழைய மெய்ப்பு – சனி, காலை 6.05

எறியவில்லைதான். ஆனால் கல்லறைக் காட்சி பொய் என்று தெரிந்த பிறகு அதற்கு முந்தைய பக்கங்களை எப்படிப் படிக்கிறீர்கள்? இதுவாவது நடந்ததா என்று ஒவ்வொரு பத்தியிலும் நின்று நின்று படிக்கவேண்டியிருக்கிறது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது வாசகனுக்கும் தெரியும்.

அக்கா மூன்று விதமாகச் சொல்வது அவருடைய ஞாபகம். நான்காவது உங்களுடைய சரக்கு. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

5. தண்டையார்பேட்டை தபால் – சனி, காலை 7.30

கடைசி வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் மல்லுக்கட்டுகிறீர்கள். முதல் வாக்கியத்தை யாரும் பார்க்கவில்லையே! "விளக்கைப் போட்டு." எந்த விளக்கை? புயல் அடித்தபின் எங்கள் தெருவில் நான்கு நாள் மின்சாரம் இல்லை. எண்ணூரில் இருந்ததா? கேட்டீர்களா, அல்லது விடியல் என்றால் விளக்குப் போடுவார்கள் என்று கையே எழுதிவிட்டதா?

"நினைத்துக்கொண்டார்" என்பது தெரிந்து செய்த தப்பு. விளக்கு தெரியாமல் நுழைந்தது. எனக்கு இதுதான் அதிகப் பயம். உண்மைக் கதை எழுதுகிறவர்களுக்குக் கதைப் பழக்கம் விரலிலேயே இருக்கும். விடியல் என்றால் சேவல், மீனவப் பெண் என்றால் கண்டாங்கிச் சேலை, வடசென்னை என்றால் மூலையில் கேரம் போர்டு. கேட்காமலே வந்து உட்கார்ந்துகொள்ளும். நைட்டிமேல் துண்டு போட்டுக்கொண்டு ஏலம் கேட்கும் அக்காமார்களைத்தான் காசிமேட்டில் நான் அதிகம் பார்க்கிறேன்.

மூன்று விதமாகச் சொன்னதைப் பற்றி: மூன்றும் பொய் என்று ஏன் நினைக்க வேண்டும்? மூன்றும் வெவ்வேறு நாளாக இருக்கலாம். எண்ணெய் ஒரே நாளில் வந்துவிட்டுப் போகவில்லையே. ஆற்றில் தொழில் செய்கிறவர்களிடம் தேதி கேட்டால் குழம்புவார்கள். அமாவாசைக்கு எத்தனை நாள் முன்னால், தண்ணீர் ஏறிக்கொண்டிருந்ததா வடிந்துகொண்டிருந்ததா என்று கேட்டுப்பாருங்கள். அந்த டிசம்பரில் அமாவாசை 12ஆம் தேதி. அதிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வரலாம். என் தாத்தாவின் பிறந்தநாளையே நாங்கள் இப்படித்தான் கண்டுபிடித்தோம், அதுவும் ஒரு வாரம் பிசகாக.

6. எர்ணாவூர் மேம்பாலம் – சனி, காலை 9.10

விளக்கைக் கேட்கவில்லை. கை எழுதியதுதான். காலை காபி கசக்கிறது.

இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. அக்கா பேசுவதை அப்படியே அவர் மொழியில் போட்டிருக்கிறேன், உயிர்ப்பாக இருக்கிறது என்று. சரிதானே?

7. பழைய மெய்ப்பு – சனி, காலை 9.45

கட்டுரையில் வேறு யாரெல்லாம் பேசுகிறார்கள்? அதிகாரி யாராவது இருப்பாரே. அவர் பேச்சை எப்படிப் போட்டிருக்கிறீர்கள்? "உரிய நடவடிக்கை மேற்கொள்ளப்பட்டு வருகிறது" என்றுதானே? உங்களிடம் அவர் அப்படியா பேசினார்? அவரும் கொச்சையில்தான் பேசியிருப்பார். அவருக்கு இலவசமாகச் சலவை செய்து கொடுத்துவிட்டு, அக்காவின் பேச்சை மட்டும் ஈரத்தோடு கொடியில் தொங்கவிடுகிறோம். இந்த வேலையை முப்பத்தொரு வருடம் நானும் செய்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். இருவருக்கும் எழுத்துத் தமிழ், அல்லது இருவருக்கும் பேச்சு. அக்காவுக்கே உரிய ஒரு சொல் இருந்தால், அதற்கு ஈடு வேறில்லை என்றால், அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

8. கொருக்குப்பேட்டை கேட் – சனி, பகல் 1.25

ரயில்வே கேட்டில் அரை மணி நேரம் நிற்க வைத்துவிட்டார்கள். இந்த இழை முழுவதையும் படித்துவிட்டேன். நான் எழுதுகிறவன் இல்லை. எழுதப்பட்டவன்.

எங்கள் அண்ணன் குத்துச்சண்டை வீரர். மாநில அளவில் பதக்கம் வாங்கியவர். பல வருடங்களுக்கு முன் ஒரு இதழிலிருந்து வந்தார்கள். வந்தவர் நல்ல மனிதர். நாலைந்து முறை எங்கள் வீட்டில் சாப்பிட்டார். அம்மா அவருக்கென்று தனியாக வஞ்சிரம் வறுத்தார், எங்களுக்கு நெத்திலிதான். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அப்பாவின் குடியைப் பற்றிப் பேச்சு வந்தது. சொன்னது நான்தான். மூக்குக் கண்ணாடியை விற்றுக் குடித்த கதை. சிரித்துக்கொண்டேதான் சொன்னேன், அவரும் சிரித்தார். நோட்டு மூடியிருந்தது.

கட்டுரையில் அது நடுப்பக்கத்தில் வந்தது. ஒரு வார்த்தை பொய் இல்லை. அந்த வருடம் எங்கள் அக்காவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளை வீட்டார் படித்தவர்கள், அந்த இதழையும் வாங்குகிறவர்கள். அப்புறம் வரவே இல்லை. அப்பா அதற்குப் பிறகு மூன்று வருடம் உயிரோடு இருந்தார். கண்ணாடி போடவே இல்லை, வாங்கிக் கொடுத்தும்.

நினைத்துக்கொண்டார் என்று எழுதலாமா என்று நேற்று இரவிலிருந்து வாதாடுகிறீர்கள். எங்கள் கதையில் யாரும் எதையும் இட்டுக்கட்டவில்லை அண்ணா.

9. கொருக்குப்பேட்டை கேட் – சனி, பகல் 1.40

இன்னொன்று. முதல் பதிவில் ஊர், தொழில், விற்கும் இடம், எந்தப் பக்கம் பார்த்து உட்காருவார் என்பது வரை எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போகிறேன். இன்று காலை பார்த்துவிட்டு வந்தேன். யார் என்று தெரிந்துவிட்டது. பச்சைக் குடை.

10. எர்ணாவூர் மேம்பாலம் – சனி, பகல் 2.05

நீக்கிவிட்டேன். குடையையும் நீங்கள் நீக்கிவிடுங்கள், தயவுசெய்து.

எட்டாம் பதிவுக்கு என்னிடம் பதில் இல்லை.

11. கொருக்குப்பேட்டை கேட் – சனி, பகல் 2.10

குடை பச்சை இல்லை. நிறத்தை மாற்றித்தான் சொன்னேன்.

12. வால்டாக்ஸ் சாலை – சனி, மாலை 5.50

அப்படியானால் பெயரை மாற்றிவிடலாமே. முடிந்தது பிரச்சினை.

13. உயர் நீதிமன்றப் படிக்கட்டு – சனி, மாலை 7.30

முடியவில்லை. இருநூறு வீடு இருக்கும் குப்பத்தில் "பெயர் மாற்றப்பட்டுள்ளது" என்று அடியில் போட்டால் வெளியூர்க்காரனுக்குத்தான் மறைகிறது. எந்த ஊரில் அவர் தலை நிமிர்ந்து நடக்க வேண்டுமோ அந்த ஊருக்கு எல்லாம் தெரியும். மும்பை விமான நிலையத்தை ஒட்டிய அன்னாவாடி குடிசைப் பகுதியைப் பற்றி 2012இல் புத்தகம் எழுதிய கேத்தரின் பூ உண்மைப் பெயர்களையே போட்டார். அதற்கு விலையாக மூன்று வருடத்துக்கு மேல் அங்கே போய்வந்து, ஒலிப்பதிவு, வீடியோ, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வாங்கிய அரசு ஆவணங்கள் என்று ஒவ்வொன்றையும் உரசிப் பார்த்தார். பெயர் மாற்றினால் அந்த உழைப்பைக் குறைத்துக்கொள்ளலாம் என்ற சபலம் வந்துவிடும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், என் பிழைப்பு அது. நம் ஊர் வழக்குதான் இதில் முன்னோடி. ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய சுயசரிதையை நக்கீரன் வெளியிடப் போனது, அதிகாரிகள் தடுக்கப் பார்த்தார்கள், உச்ச நீதிமன்றம் 1994 அக்டோபரில் தீர்ப்புச் சொன்னது. வெளியிடும் முன்பே தடுக்கும் அதிகாரம் அரசுக்கோ அதிகாரிகளுக்கோ இல்லை. நீதிமன்ற ஆவணம் போன்ற பொது ஆவணங்களில் உள்ளதை ஒருவர் சம்மதம் இல்லாமலும் எழுதலாம். அதைத் தாண்டி அவருடைய குடும்பம், திருமணம், பிள்ளைப்பேறு போன்ற அந்தரங்கத்துக்குள் போனால் சம்மதம் வேண்டும். பாலியல் குற்றத்துக்கு ஆளான பெண்ணின் பெயர் பொது ஆவணத்தில் இருந்தாலும் எழுதக் கூடாது. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவும், குழந்தைகள் விஷயத்தில் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவும் அதற்குத் தண்டனையே வைத்திருக்கின்றன.

ஆனால் எட்டாம் பதிவுக்குச் சட்டம் உதவாது. சொன்னது மகன், சிரித்துக்கொண்டே சொன்னார், சம்மதம் இருந்தது என்று எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே நிமிடத்தில் உட்கார்த்திவிடுவார். அமெரிக்காவில் ஜோ மெக்கினிஸ் என்ற எழுத்தாளர், மனைவியையும் இரண்டு மகள்களையும் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட ராணுவ மருத்துவர் ஜெஃப்ரி மெக்டொனால்டின் தரப்போடு கூடவே தங்கி எழுதினார். தீர்ப்புக்குப் பிறகும் உன்னை நம்புகிறேன் என்ற தொனியில் கடிதம் போட்டுக்கொண்டே, அவர்தான் கொலைகாரர் என்று 1983இல் புத்தகம் கொண்டுவந்தார். மருத்துவர் சிறையிலிருந்தே வழக்குப் போட்டார். 1987இல் ஜூரி ஒரு முடிவுக்கு வரமுடியவில்லை. கடைசியில் 3,25,000 டாலருக்குச் சமரசம். கொலைக் குற்றவாளிக்கும் ஜூரியில் பெரும்பாலானோர் இரக்கப்பட்டார்கள் என்பதைக் கவனியுங்கள்.

14. தண்டையார்பேட்டை தபால் – சனி, இரவு 9.15

தனி ஆளோடு போனால் பரவாயில்லை. ஊருக்கே பட்டம் கட்டிவிடுகிறோம். சிறுநீரக விற்பனைச் செய்திகள் வந்த காலத்தில் வில்லிவாக்கத்துக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று பெரியவர்களைக் கேளுங்கள். சுனாமிக்குப் பிறகு 2007இல் எர்ணாவூர் குடியிருப்புப் பெண்களைப் பற்றி அதே மாதிரிச் செய்திகள். செய்தி உண்மை, வெளியே வர வேண்டியதும்கூட. ஆனால் தையல் தழும்பைக் காட்டச் சொல்லிப் படம் எடுத்தார்களே, அது யாருக்குத் தேவைப்பட்டது?

மேம்பாலம் தம்பி, உங்கள் அக்காவுக்கு ஏதாவது கொடுக்கிறீர்களா? ஒரு மணி நேரம் உங்களோடு பேசினால் ஒரு மணி நேர வியாபாரம் போகிறது.

15. எர்ணாவூர் மேம்பாலம் – சனி, இரவு 9.40

பணம் கொடுத்ததில்லை. ஒவ்வொரு முறையும் அரைக் கிலோ இறால் வாங்குவேன், பேரம் பேசமாட்டேன். பதினான்கு மாதம். என் மனைவிக்கு இறால் ஒவ்வாமை. பக்கத்து வீட்டார் எங்களைத் தெய்வமாகப் பார்க்கிறார்கள்.

நாளை காலை போகிறேன். முழுக் கட்டுரையையும் படித்துக் காட்டப்போகிறேன். இதழாசிரியருக்கு இது பிடிக்கவில்லை. அச்சுக்கு முன் யாருக்கும் காட்டக் கூடாது என்பது வழக்கம் என்கிறார்.

16. பழைய மெய்ப்பு – சனி, இரவு 10.00

வழக்கம் அமைச்சர்களுக்காக ஏற்பட்டது. போய்ப் படியுங்கள். ஆனால் அவர் எதை எடுக்கச் சொன்னாலும் எடுத்துவிடுவேன் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுக்காதீர்கள். 2015இல் நோபல் வாங்கிய ஸ்வெத்லானா அலெக்ஸியேவிச், ஆப்கான் போரில் மகனை இழந்த தாய்மார்களிடம் கேட்டுக் கேட்டு எழுதினார். அவரிடம் மனம் திறந்து பேசியவர்களிலேயே சிலர் பிறகு மின்ஸ்க் நீதிமன்றத்தில் அவர்மேல் வழக்குப் போட்டார்கள், எங்கள் பேச்சைத் திரித்துவிட்டார் என்று. பேசிய அன்று இருக்கும் மனம் அச்சில் பார்க்கும் அன்று இருக்காது. இரண்டுமே அவர்கள் மனம்தான், அதுதான் சிக்கல்.

17. எர்ணாவூர் மேம்பாலம் – ஞாயிறு, மாலை 4.30

போய்வந்தேன். வலையில் சிக்கெடுத்துக்கொண்டே கேட்டார். இரண்டு மணி நேரம் ஆனது, நடுவில் இரண்டு வாடிக்கையாளர்கள், ஒரு பூனை.

விளக்கு இல்லை. அன்றைக்கு மின்சாரம் இல்லை, செல்போனிலும் சார்ஜ் இல்லை. அக்கா தீப்பெட்டியைத் தேடியிருக்கிறார். பக்கத்து வீட்டுப் பெண் கதவைத் தட்டியது அதற்குத்தான்: குச்சியைக் கிழித்துவிடாதே, எங்கும் எண்ணெய் என்று கத்தியிருக்கிறாள். நாற்றம், பக்கத்து வீடு இரண்டும் ஒரே விடியல். கை கறுப்பானது ஐந்தாறு நாள் கழித்து, அமாவாசை கிட்டத்தில். தபால் அண்ணனுக்கு நன்றி.

"இனி இது ஆறு இல்லை என்று நினைத்துக்கொண்டார்" என்று படித்ததும் சிரித்துவிட்டார். "நான் எங்கே தம்பி அதையெல்லாம் நினைத்தேன்? வலை குழுக் கடனில் வாங்கியது. இரண்டு தவணைதான் கட்டியிருந்தேன். இதை எந்தச் சோப்புப் போட்டுக் கழுவுவது என்று நினைத்தேன்."

இதுவரை சந்தோஷம்தான். அப்புறம் ஒன்று கேட்டார். எண்ணெய் வந்த பிறகு எண்ணூர் இறால் என்றாலே யாரும் வாங்கவில்லை. சில வாரம் அவர் ஆற்று இறாலைப் பழவேற்காட்டு இறால் என்று சொல்லி விற்றிருக்கிறார். எனக்கு அவரே சொன்னது, மூடாத நோட்டில் எழுதியது. பதினொரு வரி வருகிறது. அதை எடுத்துவிடு தம்பி, மற்றதெல்லாம் இருக்கட்டும் என்கிறார்.

18. பழைய மெய்ப்பு – ஞாயிறு, மாலை 4.50

எடுக்காதீர்கள். எண்ணெயில் கிடந்த இறாலை ஊர் தின்றிருக்கிறது. கட்டுரையில் வாசகன் வயிற்றைத் தொடும் இடம் அது ஒன்றுதான்.

19. கொருக்குப்பேட்டை கேட் – ஞாயிறு, மாலை 4.55

எடுத்துவிடுங்கள். நாளைக்கும் அவர் அதே இடத்தில்தான் கடை போட வேண்டும்.

20. உயர் நீதிமன்றப் படிக்கட்டு – ஞாயிறு, மாலை 5.30

பலர் அப்படி விற்றார்கள் என்று வேறு நாலைந்து பேரிடம் கேட்டு உறுதி செய்து, யாரையும் சுட்டாமல் கட்டுரையின் வேறொரு பகுதியில் எழுத முடியாதா? உண்மையிலேயே பலர் சொன்னால் மட்டும். அவர் ஒருவரை மறைப்பதற்காகப் பலரை உண்டாக்கினால், முதல் பதிவுக்கே திரும்பிவிடுவீர்கள்.

21. எர்ணாவூர் மேம்பாலம் – ஞாயிறு, இரவு 8.15

நாளை மறுநாள் மறுபடி போகிறேன். இந்த முறை மற்றவர்களிடம் பேச. இதழாசிரியரிடம் இன்னும் ஒரு மாதம் கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை. பதினொரு வரியை வேறு கோப்பில் வெட்டி வைத்திருக்கிறேன், அழிக்கவில்லை.

அக்கா இன்று இறாலுக்குக் காசு வாங்கவில்லை. வற்புறுத்தியும் வாங்கவில்லை. பக்கத்து வீட்டில் கொடுத்தாகிவிட்டது.

22. கொருக்குப்பேட்டை கேட் – ஞாயிறு, இரவு 8.20

எங்கள் வீட்டில் வஞ்சிரம் என்றேன் இல்லையா, அது தப்பு. அம்மாவிடம் இப்போது கேட்டேன். சங்கராவாம்.

23. பழைய மெய்ப்பு – ஞாயிறு, இரவு 8.31

எட்டாம் பதிவைத் திருத்திவிடுங்கள்.

24. கொருக்குப்பேட்டை கேட் – ஞாயிறு, இரவு 8.33

வேண்டாம் ஐயா. இருக்கட்டும்.